பூனைக்கு எரிந்த விளக்கு

உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், ஆள் நடமாட்டம் கண்டால் தானாகவே எரிகிற விளக்கு இருக்கிறதா? இருந்தால் இதைப் படியுங்கள். இல்லாவிட்டாலும் படித்து வையுங்கள். இன்றில்லாவிட்டால் நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் அது வரத்தான் போகிறது. வந்த மூன்றாம் மாதம், "இது ஏன் இப்படிப் பண்ணுகிறது?" என்று நீங்களும் தலையில் கை வைத்துக்கொள்ளத்தான் போகிறீர்கள்.

கடைக்காரர்கள் இதை 'சென்ஸார் லைட்' என்கிறார்கள். சினிமாப் படங்களுக்குக் கத்தரி போடுகிற சென்ஸார் என்று எண்ணிவிடாதீர்கள். என் மாமியார் முதலில் அப்படித்தான் எண்ணினார். "சென்ஸார் பண்ணும்படியா நம்ம கொல்லையிலே என்னம்மா நடக்குது?" என்று கேட்டார்.

சென்னையில் எங்களுடையது பழைய காலத்துத் தனி வீடு. சமையலறைக் கதவைத் திறந்தால் மூன்று படிகள். இறங்கினால் துவைக்கிற கல், குழாய், ஒரு கறிவேப்பிலை மரம், துணி உலர்த்தும் கொடி. மாமியாருக்கு வயது எழுபத்தாறு. விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து கொல்லைப்பக்கம் போகிற வழக்கம். இருட்டில் ஸ்விட்சைத் தேடிச் சுவரைத் தடவ வேண்டாமே என்றுதான் இவர் அந்த விளக்கை வாங்கி மாட்டினார்.

முதல் இரண்டு மாதம் ஒரே கொண்டாட்டம். வந்தவர்களையெல்லாம் கொல்லைக்கு அழைத்துப் போய், "நடந்து பாருங்கள், நடந்து பாருங்கள்!" என்று காட்டினோம். பிறகு சித்திரை வந்தது. மாமியார் கோயமுத்தூரில் பெண் வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் படுக்கையறைக்குப் புதிதாக ஏ.ஸி. வந்திருந்தது. அன்றிரவு ஒரு மணிக்குக் கொல்லை விளக்கு பளிச்சென்று எரிந்தது. இவர் கையில் தடியை எடுத்துக்கொண்டு பூனைபோல் அடிமேல் அடி வைத்துப் போனார். அங்கே நிஜமாகவே ஒரு பூனை உட்கார்ந்திருந்தது! சிரித்துவிட்டுப் படுத்தோம். கால் மணி கழித்து மறுபடியும் எரிந்தது. இந்தத் தடவை பூனைகூட இல்லை. அப்புறம் மறுபடியும். அப்புறம் மறுபடியும். மூன்றாவது நாள் இரவு இவர் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு, "இனிமேல் நிம்மதி" என்றார்.

நிம்மதியாகத்தான் இருந்தது, எட்டு மாதம். மார்கழி பிறந்தது. மாமியார் ஊரிலிருந்து திரும்பினார். ஸ்விட்சு அணைந்திருக்கும் சமாசாரத்தை அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்குமே ஞாபகம் இல்லை. மறுநாள் விடியற்காலை கதவைத் திறந்து, விளக்கு எரியும் என்று நம்பிக் காலை எடுத்து வைத்தார். இரண்டாவது படியில் ஈரம். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"நான் போனா எரியும்னு சொன்னீங்களேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்தது.

அண்ணி, விளக்கு கெடவில்லை!

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். "சென்ஸார் போயிடுச்சும்மா, புதுசு போட்டுடலாம்" என்றார். நல்ல வேளையாக அன்று மாலை இவருடைய சித்தப்பா பிள்ளை, கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவர், மாமியாரைப் பார்க்க வந்தார். கதையைக் கேட்டுவிட்டுக் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "அண்ணி, உள்ளே போய் ஏ.ஸி.யைப் போடுங்க" என்றார். மார்கழிக் குளிரில் ஏ.ஸி.யா என்று நினைத்துக்கொண்டே போட்டேன். வெளியே ஏ.ஸி.யின் பெட்டி உறுமி, சூடான காற்றை ஊதத் தொடங்கியது. ஐந்து நிமிஷத்துக்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது! விளக்குக்கு நேர் கீழேதான் அந்தப் பெட்டி.

"விளக்கு கெட்டுப் போகலை, அண்ணி. அதுக்குத் தெரிஞ்ச வேலையை அது ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. அதுக்கு என்ன தெரியும்னு நமக்குத்தான் தெரியலை" என்றார்.

அவர் சொல்லித் தெரிந்துகொண்டதையும், பிறகு நானே தட்டுத் தடுமாறிக் கற்றதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

அதற்கு ஆள் தெரியாது

இந்த விளக்கு உங்களையும் என்னையும் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிவது சூடு ஒன்றுதான். அதுவும் நகருகிற சூடு.

நம் சருமத்தின் சூடு ஏறக்குறைய 33 டிகிரி சென்டிகிரேடு. சூடுள்ள எந்தப் பொருளிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கதிர் வீசிக்கொண்டே இருக்கிறது. 1800-ஆம் வருஷம் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வான சாஸ்திரி, சூரிய வெளிச்சத்தைப் பட்டைக் கண்ணாடியால் ஏழு நிறமாகப் பிரித்து, வெவ்வேறு நிறங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வைத்தபோது வெப்பமானி இன்னும் அதிகமாக ஏறியது! அந்த அகச்சிவப்புக் கதிரைத்தான் நம் கொல்லை விளக்கு வாங்கிக்கொள்கிறது. அது தானாக எதையும் வீசுவதில்லை, சும்மா காத்திருக்கிறது.

விளக்கின் அடியில் பால் நிறத்தில் ஒரு குமிழ் இருக்கிறதல்லவா? உற்றுப் பாருங்கள், பலாப்பழத் தோல்போல் கட்டம் கட்டமாக இருக்கும். அது அலங்காரம் அல்ல. பிரான்ஸ் தேசத்து பிரெனெல் என்பவர் கலங்கரை விளக்கத்துக்காக யோசித்துக் கண்ட கண்ணாடி வில்லையின் பேரப்பிள்ளை அது. அவருடைய வில்லை 1823-இல் கொர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் ஏறியது. இன்று அதே தந்திரம் பிளாஸ்டிக்கில் வந்து நம் வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் கொல்லையில் ஒரு துண்டு இடத்தைக் கவனிக்கிறது. விரித்த விசிறியின் மடிப்புகள்போல் அந்தப் பார்வை பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குப் போகும்போது சூடு தோன்றித் தோன்றி மறைகிறது.

உள்ளே இருப்பது ஒரு தராசு மாதிரி. இரண்டு தட்டிலும் ஒரே சமயத்தில் ஒரே எடை விழுந்தால் முள் அசையாது. சுவர் முழுவதும் வெயிலில் காய்ந்தாலும் விளக்கு எரியாததற்கு அதுதான் காரணம். ஒரு தட்டில் முதலிலும் மற்றதில் பிறகும் விழுந்தால் முள் ஆடும், விளக்கு எரியும். குறுக்கே நடக்கிறவரை அது சட்டென்று கண்டுபிடித்துவிடும். நேராக அதை நோக்கி வருகிறவரைக் கிட்டத்தில் வந்த பிறகுதான் கவனிக்கும்.

இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால், பாதி வியாதிக்கு நீங்களே வைத்தியர்.

முதலில் நாடி பார்ப்போம்

விளக்கின் அடியில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று சிறு திருகுகள் இருக்கும். 'லக்ஸ்' என்பது எவ்வளவு இருட்டினால் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது. ஒரு பக்கம் சூரியன், மறு பக்கம் சந்திரன் படம் போட்டிருக்கும். 'டைம்' என்பது எத்தனை நேரம் எரிய வேண்டும் என்பது. 'சென்ஸ்' என்பது எவ்வளவு நுட்பமாகக் கவனிக்க வேண்டும் என்பது.

விளக்கு எரியவில்லை என்றால் உடனே ஆளைக் கூப்பிடாதீர்கள். ஸ்விட்சு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் மணிக்கட்டை முறித்தது அதுதான். பிறகு பல்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் 'லக்ஸ்' திருகைச் சூரியன் பக்கம் முழுக்கத் திருப்பி, 'டைம்' திருகை மிகக் குறைவாக வையுங்கள். ஸ்விட்சைப் போட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். தூங்கி எழுந்த குழந்தைபோல் அதற்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். பிறகு பட்டப்பகலிலேயே அதன் எதிரே குறுக்கும் நெடுக்கும் நடங்கள். எரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு திருகிலோ இடத்திலோதான். பகலில் நடந்து பார்த்து, "எரியவே இல்லை, கெட்டுப் போச்சு" என்று கடைக்குத் தூக்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். சந்திரன் பக்கம் திருப்பி வைத்த விளக்கு பகலில் எப்படி எரியும்?

இருட்டினாலும் எரியவில்லையா?

தெரு விளக்கு உங்கள் காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்க்கிறதா? அப்படியானால் உங்கள் விளக்கு, 'இன்னும் பொழுது சாயவில்லை' என்று எண்ணிக்கொண்டு தூங்குகிறது. 'லக்ஸ்' திருகைச் சூரியன் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். அல்லது குமிழைத் தெரு விளக்குக்கு முதுகு காட்டும்படி திருப்புங்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தீர்களா? குமிழின்மேல் பெயிண்டு தெறித்திருந்தால் அது குருடாகிவிட்டது. அடுப்பங்கரை எக்ஸாஸ்ட் விசிறிக்குப் பக்கத்தில் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். மெல்லிய துணியைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். தின்னரும் மண்ணெண்ணெயும் கம்பி நாரும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

மழைக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிக்கு உட்புறமாக மாட்டியிருக்கிறீர்களா? அங்கிருந்து அதற்கு வெளியில் எதுவும் தெரியாது. நமக்குக் கண்ணாடி, அதற்கு அது சுவர்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. கத்திரி வெயிலில், பொழுது சாய்ந்த பிறகும் சுவரும் தரையும் நம் உடம்பளவு சூடாகவே இருக்கின்றன. சூட்டுக்குள் சூட்டை அது எப்படிப் பிரித்துப் பார்க்கும்? ஆகையால் கோடையில் பார்வை குறுகிப் போகும். பங்குனியில் 'சென்ஸ்' திருகைச் சற்று ஏற்றுங்கள், மார்கழியில் இறக்குங்கள்.

வேண்டாத நேரத்தில் எரிகிறதா?

குமிழுக்கு எதிரே நின்றுகொண்டு, அது என்னென்ன பார்க்கிறது என்று நீங்களும் பாருங்கள். ஏ.ஸி.யின் வெளிப்பெட்டி, எக்ஸாஸ்ட் விசிறி, அப்போதுதான் வந்து நின்ற காரின் என்ஜின், பகலெல்லாம் காய்ந்துவிட்டு இரவில் காற்றில் ஆடும் வாழை இலை, கொடியில் ஆடும் புடைவை எல்லாமே அதற்கு ஆள்தான். பூனையும் ஆள்தான். குமிழின்மேல் சிலந்தி வலை கட்டினாலும் பல்லி ஊர்ந்தாலும் அது பதறிப் போய் எரியும். பல்லி விழும் பலன் பார்க்கிறவர்கள் இந்தப் பலனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மருந்து இதுதான். சூட்டை ஊதுகிற பொருளைப் பார்க்காதபடி குமிழைத் திருப்புங்கள். திருப்ப முடியாவிட்டால், எந்தப் பக்கம் தொந்தரவோ அந்தப் பக்கத்துக் கட்டங்களின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டுங்கள். குதிரைக்குக் கண்பட்டை கட்டுவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் எரிகிற வாசல் விளக்குக்கும் இதே வைத்தியம். 'சென்ஸ்' திருகையும் கொஞ்சம் குறைக்கலாம். பூனையை மட்டும் விலக்க முடியுமா என்றால், கொஞ்சம் முடியும். குமிழின் கீழ் வரிசைக் கட்டங்களை மறைத்தால் தரையோடு போகிறது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மதில்மேல் நடக்கிற பூனைக்கு யாரால் என்ன செய்ய முடியும்?

பல்புக்குள்ளேயே சென்ஸார் வைத்து விற்கிறார்களே, அவற்றில் பல வேறு ஜாதி. அவை ரேடார்போல் அலையை வீசித் திரும்பி வருவதைக் கவனிக்கின்றன. அந்த அலை மரக்கதவையும் கண்ணாடியையும் மெல்லிய சுவரையும் தாண்டிப் போகும். வீட்டுக்குள் நீங்கள் நடந்தால் வெளியே விளக்கு எரியும். தெருவில் லாரி போனாலும் எரியும். அவற்றுக்குக் குமிழும் இல்லை, டேப்பும் உதவாது. மாடிப்படிக்கும் ஸ்டோர் ரூமுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வாசல் கேட்டுக்கு வேண்டாம்.

அணையவே மாட்டேன் என்கிறதா?

ஒரு அட்டைத் துண்டால் குமிழை முழுக்க மூடிக் கட்டிவிட்டு, 'டைம்' திருகு சொல்கிற நேரத்தைவிட இன்னும் சில நிமிஷம் அதிகமாகக் காத்திருங்கள். அணைந்தால், எதிரே ஏதோ ஒன்று அதை ஓயாமல் எழுப்பிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன வைத்தியத்தைச் செய்யுங்கள்.

மூடியும் அணையவில்லை என்றால் இன்னொன்று உண்டு. பல விளக்குகளில், ஸ்விட்சை 'டக், டக்' என்று வேகமாக அணைத்துப் போட்டால், 'இரவெல்லாம் எரி' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். நாம் போடாவிட்டாலும், கரண்டு போய்ப் போய் வருகிற நாளில் மின்சாரமே அப்படிக் கட்டளை போட்டுவிடும். ஸ்விட்சை அணைத்து அரை நிமிஷம் பொறுத்துப் போடுங்கள். பெரும்பாலும் புத்தி தெளிந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால், உள்ளே ஸ்விட்சாக வேலை செய்கிற 'ரிலே' ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒரே சென்ஸாரில் நாலைந்து விளக்குகளைக் கோத்தால் அப்படி ஆவதுண்டு. இதற்கு மட்டும்தான் நிஜமாகவே புதிது போட வேண்டும்.

அணைந்த பிறகும் எல்.இ.டி. பல்பு மின்மினிபோல் மினுக்குகிறதா? பேய் பிசாசு ஒன்றுமில்லை. பழைய குண்டு பல்புக்காகச் செய்த சென்ஸாரில் கசிகிற துளி மின்சாரமே எல்.இ.டி.க்குப் போதும். அல்லது ஸ்விட்சு 'பேஸ்' கம்பியில் இல்லாமல் 'நியூட்ரல்' கம்பியில் இருக்கிறது. இரண்டாவது விஷயம் ஆபத்தானது. ஸ்விட்சு அணைந்திருந்தாலும் விளக்கில் மின்சாரம் நிற்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மழையும் வெயிலும்

ஐப்பசி மழையில் விளக்குக் கண்ணாடிக்குள் நீர்த்துளி தெரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். வாங்கும்போதே பெட்டியின்மேல் 'ஐ.பி.' என்று ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 44 என்றால் தெறிக்கிற நீரைத் தாங்கும். சாரல் அடிக்காத தாழ்வாரத்துக்குப் போதும். திறந்த சுவருக்கு 65 வேண்டும். கம்பி மேலிருந்து நேராக விளக்குக்குள் இறங்கினால், மழை நீருக்கு அது வாய்க்கால். கம்பி கொஞ்சம் கீழே தொங்கி, மறுபடி மேலேறி, அடிப்பக்கமாக நுழைய வேண்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சூரிய ஒளியில் எரிகிற விளக்கு வைத்திருக்கிறீர்களா? அதற்கு முதல் எதிரி தூசி. மாதம் ஒருமுறை மேலே உள்ள தகட்டை ஈரத் துணியால் துடையுங்கள். மரத்தடியில் மாட்டிவிட்டு, "சீக்கிரமே அணைந்துபோகிறது" என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. பகலில் தகட்டை நன்றாக மூடிவிட்டுக் குறுக்கே நடங்கள். எரிந்தால் சென்ஸார் சரி. அப்படி எரிந்தும், நல்ல வெயில் காய்ந்த நாளிலேயே ராத்திரி பாதியில் மங்கினால் பாட்டரிக்கு வயதாகிவிட்டது.

இது நம் வேலை அல்ல

திருகுவதும் துடைப்பதும் டேப் ஒட்டுவதும் நம் வேலை. மூடியைக் கழற்றுவது நம் வேலை அல்ல. 230 வோல்ட் விளையாட்டுப் பொருளல்ல. துடைப்பதற்கு முன்னும் ஸ்விட்சை மட்டும் நம்பாமல் அந்த லைனுக்குரிய எம்.ஸி.பி.யையே அணையுங்கள். ஈரத் தரையில் ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள். தீய்ந்த வாசனை வந்தாலும், விளக்கைச் சுற்றிக் கறுத்திருந்தாலும், மழையில் சுவரைத் தொட்டால் சுருக்கென்றாலும் உடனே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்துவிடும் ஆர்.ஸி.ஸி.பி. என்ற சாதனம், 30 மில்லி ஆம்பியரில் வேலை செய்வதாக, உங்கள் வீட்டில் இருக்கிறதா என்றும் அவரையே கேளுங்கள். மழை நாளில் அது 'டப்'பென்று விழுந்தால் திட்டாதீர்கள். உங்கள் உயிருக்காகத்தான் அது விழுகிறது.

பிறகு என்ன ஆயிற்று?

எங்கள் விளக்குக்குப் புதிது வாங்கவில்லை. இடத்தை மட்டும் மாற்றினோம். ஏ.ஸி. பெட்டிக்கு மேலிருந்து கழற்றி, படிகளுக்குப் பக்கவாட்டுச் சுவரில் எட்டடி உயரத்தில் மாட்டச் சொன்னேன். இப்போது கதவைத் திறந்து இறங்குகிறவர் அதற்குக் குறுக்கேதான் போயாக வேண்டும். முதல் படியில் கால் வைப்பதற்குள் எரிந்துவிடுகிறது. அந்த ஸ்விட்சின்மேல் ஒரு டேப்பை ஒட்டி, 'அணைக்காதே' என்று எழுதியும் வைத்தேன். இவர் அதைப் பார்த்துவிட்டு, "இது எனக்குத்தானே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

வேண்டாதபோதெல்லாம் எரிகிற விளக்கை நாம் ஒரு நாள் கோபத்தில் அணைத்துவிடுகிறோம். அணைத்ததை மறந்தும் விடுகிறோம். வேண்டிய அன்றைக்கு அது இருட்டாக இருக்கிறது. எரியாத விளக்கைவிட, எரியும் என்று நம்ப வைத்துவிட்டு எரியாமல் இருக்கிற விளக்குத்தான் பொல்லாதது. இன்று சாயங்காலம் உங்கள் கொல்லைப்புறத்துக்கு ஒருமுறை போய், விளக்கின் எதிரே குறுக்கே நடந்து பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

மாவுக்கட்டுப் பிரித்த மறு வாரம், விடியற்காலையில் கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்திரமாகப் படி இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலேயே அந்தப் பழைய பூனையும் இறங்கியது.

"இதுக்கும் எரியுதே, அம்மா! இன்னும் கொஞ்சம் குறைச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எரிஞ்சா எரியட்டுமே. அதுவும் படியிலேதானே இறங்குது!" என்றார் மாமியார்.